இரண்டாம் கூட்டத்துக் கிரகங்கள்

நஜ்முதீன் நானாவின் ரேடியோக் கடையில் ஒன்பது நாளாக ஒரு கிரகம் சரியாக வர மறுத்தது. புத்தகத்தில் அதன் பெயர் தெலுமா. விவசாயம் செய்யும் கிரகம், கூட்டுறவு அரசாங்கம், நீலத் தோல் ஜனங்கள், புளிப்பு மழைக்குப் பேர்போனது என்று அச்சில் போட்டிருந்தது. எங்கள் கம்ப்யூட்டரின் டீவித் திரையில் அந்தக் கிரகத்தின் எண்ணைத் தட்டினால் குவாரெக் என்று வேறொன்று வந்து நின்றது. இயந்திரத் தொழில், சர்வாதிகாரம், ஆறு கால் ஜனங்கள். ஒன்பது நாளும் அதே ஆறு கால்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவனுக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். எனக்குக் கவலை கிரகத்தைப் பற்றி இல்லை. என் மகள் சந்திரிகாவின் கண்ணைப் பற்றி.

அவள் மூன்று வருடமாக ரவாங்கில் ஒரு மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். இருபத்திரண்டு வயதில் பஸ்ஸின் பலகையைப் படிக்கக் கண்ணை இடுக்கினாள். கிளினிக் டாக்டர் இரண்டு தடவை கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் தடவை, "கண்ணாடிய மாத்தி பிரயோசனமில்ல, வேலைய மாத்துங்க" என்றார். வேலையை மாற்ற வேண்டுமாம். கடையில் சட்டை மாற்றிக்கொள்வது மாதிரிச் சொல்லிவிட்டார்.

மாற்ற ஒரே ஒரு வழி வந்தது. நஜ்முதீன் நானா போன வருடம் விற்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். டீவியோடு இணைத்துவிட்டு, கேசட் ரெக்கார்டரில் பாட்டுப் போடுவதுபோல் புரோகிராமைப் போட வேண்டும். ஒருவரும் வாங்கவில்லை. தூசு தட்டித் தட்டி அலுத்துப் போனவர், மாடியறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினால் என்ன என்று யோசித்தார். கோலசிலாங்கூரில் டியூஷன் நடத்தும் சிவானந்தம் மாஸ்டர் முப்பது பிள்ளைகளை அனுப்பலாம் என்றார். ஆனால் அந்த இயந்திரத்தை வேலை வாங்கத் தெரிந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று முதலில் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சந்திரிகா லீவு நாட்களில் நானா கடையில் உட்கார்ந்து, அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள்.

"மாஸ்டர் தலையாட்டுனா நீதான் டீச்சர்" என்றார் நானா அவளிடம். "ஆட்டலைன்னா இந்தப் பொட்டிய கோலாலம்பூருக்கே திருப்பி அனுப்பிச்சிடுவேன். நான் என்னா செய்றது, எனக்கும் இடம் வேணும்லா."

மாஸ்டருக்குக் காட்டுவதற்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தவரும் நானாதான். இன்னோர் ஆங்கிலப் புத்தகத்தில் முழுப் புரோகிராமும் அச்சாகியிருந்தது. ஆகாயக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போய், ஓர் இடத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி இன்னோர் இடத்தில் விற்கும் வியாபார விளையாட்டு. போவதற்கு முன் அந்தக் கிரகத்தில் என்ன விளையும், யார் ஆட்சி, ஜனங்கள் எப்படி என்று இயந்திரத்திடம் கேட்டால் அது திரையில் காட்டும். மொத்தம் இருநூற்று நாற்பது கிரகங்கள், பன்னிரண்டு கூட்டங்களாக.

இதில்தான் ஒரு விசித்திரம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருநூற்று நாற்பது கிரகத்தின் விவரத்தை வைக்க இடம் கிடையாது. அதனால் அது விவரத்தை வைத்துக்கொள்வதே இல்லையாம். நூற்று நாற்பத்து நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் பெருக்கிக் கூட்டி, பெயர் முதல் மழையின் ருசி வரை அப்போதே செய்துவிடுமாம். எண்கள் அதேதான் என்றால் கிரகமும் எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். எண் மாறினால் வேறு ஊர், வேறு ஜனங்கள். சந்திரிகா எனக்கு இதை மூன்று தடவை விளக்கினாள். மூன்றாவது தடவை நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு வேலைக்காட்டில் குலை வெட்டிக்கொண்டிருக்கும்போது உண்மையாகவே புரிந்தது.

புரோகிராமை அவளே இரண்டு வாரம் தட்டி முடித்தாள். கடைசியில் எண்கள் மட்டும் பாக்கி. அவற்றைப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டத்துக்குள் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்தார்கள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு எண். இரவு ஷிப்டு முடித்து, நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. தண்ணீர் வடிந்தது.

"அப்பா, நீங்க படிங்க. நான் தட்டுறேன். நம்பர் தெரியும்ல?"

தெரியும்ல என்றாள். நான் எழுத்துப் படித்தது நாற்பத்தொரு வயதில், தொழிற்சங்க மண்டபத்தில், என்னைவிடச் சின்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து. ஆனால் எண் எனக்கு அதற்கு முன்பே தெரியும். வெட்டிய குலையின் காம்பில் தன் நம்பரைப் போடத் தெரியாதவன் தோட்டத்தில் எப்படிப் பிழைப்பான்?

கடை மேசையில் உட்கார்ந்தோம். நான் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் வருகை கூப்பிடுவது மாதிரிச் சத்தமாகப் படித்தேன். அவள் தட்டினாள். நடுவில் ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்கள் எல்லாம், "என்னாண்ணே, நாலு நம்பர் லாட்டரியா? எது வரும்?" என்று கேட்டுப் போனார்கள். ஒருவர் இரண்டு எண்ணைக் கையில் குறித்துக்கொண்டே போனார்.

முடித்ததும் புத்தகத்தில் சொன்னபடி மொத்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தாள். பதினெட்டாயிரத்து இருநூற்று ஆறு வர வேண்டும். வந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு மார்பு கொஞ்சம் அகலமாயிற்று.

சரிபார்ப்பதற்கென்று, முதல் ஆறு கூட்டங்களிலிருந்து கூட்டத்துக்கு ஒன்றாக ஆறு கிரகத்தின் விவரத்தைப் புத்தகத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் சொராபின் என்ற கிரகம் எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது. நானா எல்லாருக்கும் பாலில்லாத தே ஓ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவதைத் தட்டினாள். தெலுமாவுக்குப் பதில் அந்த ஆறு கால் சனியன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒன்பது நாள்.

தினமும் வேலைக்காட்டிலிருந்து வந்து, குளித்து, மூன்று மணிக்குச் சைக்கிளில் கடைக்குப் போவேன். நீளக் கம்பை நாள் முழுக்கத் தூக்கிய தோள் கடுகடுக்கும். அவள் எனக்கு முன்பே வந்து திரையை முறைத்துக்கொண்டிருப்பாள். பேர் உண்டாக்கும் இடத்தில் தப்பிருக்கும் என்று ஒரு நாள். பெருக்கும் இடத்தில் என்று இரண்டு நாள். மூன்று தடவை எண்களை மறுபடி சரிபார்த்தோம். இயந்திரம் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும், நான் புத்தகத்தில் விரலை நகர்த்தி "சரி, சரி" என்பேன். நூற்று நாற்பத்து நான்கு சரி.

"மத்த நாலு கிரகத்தையும் பாரேன்" என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

"ரெண்டாவதே வரல, அதுக்குள்ள மத்தது எதுக்கு? சும்மா இருங்கப்பா. எனக்கு மண்டை வெடிக்குது."

"எனக்கும்தான் வெடிக்குது."

"உங்களுக்கென்ன, நீங்க படிக்கத்தானே செய்றீங்க!"

படிக்கத்தானே. நான் சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி நல்லம்மாள். "ஆகாயத்துல இருக்கிறவனுக்கு நாலு காலா ஆறு காலான்னு அப்பனும் மகளும் ஆராயுறீங்க. லயத்து வீட்டுக் குழாயில மூணு நாளா தண்ணி வரல. அதுக்கு ஒரு காலையாவது எடுத்து வச்சு ஆபீஸ் கிராணிகிட்ட போனீங்களா?" என்றாள். போகவில்லை. போயிருந்தாலும் தண்ணீர் வந்திருக்காது, அது வேறு விஷயம்.

மாஸ்டர் வரவேண்டிய சனிக்கிழமையும் வந்துவிட்டது. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கே நாங்கள் கடையில். சந்திரிகா அன்று தூங்கவே இல்லை. ஆறேகால் மணிக்கு மறுபடி தொழிற்சாலை பஸ் பிடிக்க வேண்டும்.

மூன்றரைக்கு அவள் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "நானா, புத்தகத்துலதான் தப்பு. அச்சுல விட்டுட்டாங்க. என்னால கண்டுபிடிக்க முடியாது."

"அல்லாவே. மாஸ்டர் வர்ற நேரத்துல இதச் சொல்றியேம்மா."

"ஒம்பது நாளா சொல்லத்தான் பயந்துகிட்டு இருந்தேன்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், அது அழுகையா, வழக்கமாக வடிவதா என்று தெரியவில்லை.

நானாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். வேண்டுமென்றே தட்டினாரோ, கைபோன போக்கில் தட்டினாரோ, மூன்றாம் கூட்டத்துக் கிரகம் வந்தது. புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தா, இது சரியா இருக்கே!"

சந்திரிகா திரும்பினாள். நாலாவதைத் தட்டச் சொன்னாள். தப்பு. ஐந்தாவது சரி. ஆறாவது தப்பு.

"இதென்னடா கூத்து" என்றார் நானா. "ஒண்ணு விட்டு ஒண்ணு வேலை செய்யுற கம்ப்யூட்டர நான் கேள்விப்பட்டதே இல்ல. சம்பளம் பத்தலையா இதுக்கு?"

சந்திரிகா சிரிக்கவில்லை. "ஒரு கூட்டத்துக்கு ஒரு வரிசை நம்பர். முதல் வரிசை சரி, மூணாவது சரி, அஞ்சாவது சரி. ரெண்டு, நாலு, ஆறு..." என்று முணுமுணுத்தாள்.

நானா கையிலிருந்த புத்தகத்தை வாங்கினேன். எண் கட்டத்தைப் பார்த்தேன். என் விரல் தானாகவே முதல் வரிசையில் இடமிருந்து வலம் போயிற்று. கோடியில் கட்டத்தின் ஓரம். அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கி, வலமிருந்து இடம் திரும்பி வந்தது. ஒன்பது நாளாக அது அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

செம்பனையில் நிரை பிடிக்கிறவனுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரு நிரையில் வெட்டிக்கொண்டே கோடி வரை போனால், பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். போன வழியே வெறுங்கையோடு நடந்து வந்து, மறுபடி இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவனை மேற்பார்க்கும் மண்டோர் மனிதனாகவே மதிக்க மாட்டார். இருபத்தாறு வருடம் அப்படி நடந்த கால் எனக்கு. எழுத்து என்றால் திருப்பிப் படித்தால் அர்த்தம் வராது. அதுவே தடுத்து நிறுத்தும். எண் தடுக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் எண் எண்தான். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் மொத்தம் அதேதான்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லையென்று சொன்னால் பொய். அச்சுப் பிழை என்று அவளே சொல்லிவிட்டாள். மண்டபத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்து முடித்த நாளிலிருந்து, "முருகையா படிச்சவர்" என்று லயத்தில் நாலு பேர் கடிதம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அது போய்விடும். ஆனால் சொல்லாமல் விட்டால் அவள் இன்று மாலை பஸ்ஸில் ஏறி மறுபடி அந்த மைக்ராஸ்கோப்புக் குழாயில் கண்ணை வைப்பாள்.

"சந்திரிகா, நான் திரும்பி வந்துட்டேன்மா."

"எங்க போனீங்க? இங்கதானே நிக்கிறீங்க."

"நம்பருல. நிரை நிரையா. போற நிரை, வர்ற நிரை." விரலால் காட்டினேன். "ரெண்டாவது வரிசைய இந்தக் கோடியிலிருந்து படிச்சிட்டேன். நாலாவது, ஆறாவது, எல்லாம்."

கடையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நானா அதை அணைத்தார்.

"மூணு தடவ செக் பண்ணோமே!" என்றாள். குரல் கீச்சென்று ஏறியது.

"மூணு தடவையும் அப்படித்தான் போனேன்."

"ஒம்பது நாளுப்பா! ஒம்பது நாளு நான் தூங்காம என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"ஏன் முருகையாண்ணே," என்றார் நானா, "நான் படிக்கச் சொல்லிக் காகிதத்தக் குடுத்தா, நீங்க அதுல குலையா வெட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாங்க. வெட்டுனேன். இப்ப என்ன, என்னையும் குலையோட லோரியில ஏத்தணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால், வாசலில் ஒரு குடையும் ஒரு மனிதரும். சிவானந்தம் மாஸ்டர். கால்மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நானாவின் முகம் வெளுத்தது.

"வாங்க மாஸ்டர், வாங்க. ஒண்ணுமில்ல, சின்ன ஒரு..."

"கேட்டேன், கேட்டேன்." மாஸ்டர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். சந்திரிகாவைப் பார்த்தார். "நீதான் சொல்லிக் குடுக்கப் போற பொண்ணா? சரி, இப்ப என்ன பண்ணுவே? மறுபடி நூத்துச் சொச்சம் நம்பரையும் தட்டணும். எனக்கு அஞ்சு மணிக்கு வகுப்பு இருக்கு."

நான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன், இந்தத் தடவை ஒரு அடிக்கோலோடு. சந்திரிகா கையை நீட்டி என்னைத் தடுத்தாள். அதில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

"நீங்க படிக்காதீங்க. யாரும் படிக்க வேணாம்."

"பின்ன?"

"நம்பரெல்லாம் சரியாத்தான் உள்ள இருக்கு சார்" என்றாள் மாஸ்டரிடம். "வரிசை மட்டும்தான் தலைகீழ். ரெட்டைப்படை வரிசைய மட்டும் திருப்பிப் போடுன்னு கம்ப்யூட்டர்கிட்டயே சொல்லிட்டாப் போச்சு."

நாற்காலியிலிருந்து நானாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஏதோ தட்டினாள். எண்ணிப் பார்த்தேன், ஐந்து வரி. ஒன்பது நாளைக்கு ஐந்து வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது.

இரண்டாம் கூட்டத்தைத் தட்டினாள். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு தெலுமா வந்தது. விவசாயம். கூட்டுறவு. நீலத் தோல். புளிப்பு மழை. நாலாவது சரி. ஆறாவது சரி.

நானா கைதட்டினார். மாஸ்டர் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றி, திரையைக் கிட்டப் போய்ப் படித்தார்.

"நீலத் தோல் ஜனங்க. புளிப்பு மழை. இதப் படிச்சு என் பிள்ளைங்க பரீட்சையில என்ன எழுதும்? விளையாட்டுத்தானே இது?"

போச்சு என்று நினைத்தேன்.

"மழைய விடுங்க சார்" என்றாள் சந்திரிகா. அவளுக்குத் தூக்கமில்லாத எரிச்சல். அது எங்களிடம் காட்டிய அதே எரிச்சல், இப்போது மாஸ்டரிடமும் வந்தது. "இங்க தானியம் மலிவு, எந்திரம் விலை ஜாஸ்தி. சொராபின்ல எந்திரம் மலிவு. நடுவுல ஒரு கிரகத்துல ஆட்சியே இல்ல, போனா கொள்ளையடிப்பாங்க. சுத்திப் போனா எண்ணெய் தீந்துடும். எதை ஏத்திக்கிட்டு எந்த வழியா போறதுன்னு பிள்ளைங்களே இந்த விவரத்தப் பாத்து முடிவு பண்ணணும். அப்புறம் உள்ள எங்கேயும் எழுதி வைக்காத இந்த விவரம் எங்கேருந்து வருதுன்னு நான் சொல்லிக் குடுப்பேன். இப்ப நான் திருத்துன மாதிரி அவங்களும் திருத்தணும். அதான் பாடம். பரீட்சையில வராது சார். வராதுன்னா அனுப்பாதீங்க."

நானா எனக்குப் பின்னால் நின்று, "ஐயோ, ஐயோ" என்று மூச்சுக்குள் சொல்வது கேட்டது.

மாஸ்டர் திரையின் பக்கம் திரும்பினார். "நூத்தி முப்பத்தேழாவது கிரகம் போடு" என்றார். போட்டாள். பெயரைத் தன் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். "வேற ஒண்ணு போடு." போட்டாள். "திரும்பவும் நூத்தி முப்பத்தேழு." அதே பெயர், அதே ஜனங்கள். "எங்கேயும் எழுதி வைக்கலேன்னு சொல்றே?"

"இல்ல சார். ஒவ்வொரு தடவையும் புதுசா செய்யுது."

"ம்." நோட்டை மூடினார். "முப்பது பேரு இல்ல, முதல்ல பதினாறு பேர அனுப்புறேன். அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி. நேரத்தோட வரணும்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலையை ஆட்டினாரா என்று கேட்டால், ஆட்டவில்லை. பதினாறு பேர் அளவுக்கு ஆட்டியிருக்கிறார்.

நானாவுக்கு ஒரே சந்தோஷம். கிளம்பச் சொன்னார், போய்த் தூங்கச் சொன்னார், ஒன்றாந் தேதி பார்க்கலாம் என்றார். சந்திரிகா எழுந்திருக்கவில்லை.

"எழுதிக் குடுங்க நானா."

"என்னத்த?"

"எனக்கு வேலைன்னு. ஒண்ணாந் தேதியிலிருந்துன்னு."

"ஏம்மா, என் வாய்ச்சொல்லு போதாதா? உங்க அப்பாவ எனக்கு எத்தன வருஷமா தெரியும்!"

"பதினாறு பேரு ரெண்டு மாசத்துல வரலைன்னா? நான் பேக்டரியில நோட்டீஸ் குடுத்துட்டு அப்புறம் எங்க போவேன்?"

நானா என்னைப் பார்த்தார். நான் சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். "எழுதுங்க நானா" என்றேன். "ஒரு வருஷத்துக்குன்னு எழுதுங்க. பிள்ளைங்க வந்தாலும் வரலைன்னாலும்."

"அண்ணே, நீங்களுமா!"

"ஒம்பது நாளு நான் கெடுத்தேன். இதையும் கெடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா?"

நானா முனகிக்கொண்டே கடைத் தாளை எடுத்தார். பேனா எழுதவில்லை, உதறினார், இன்னொன்றைத் தேடினார். எழுதும்போது, வரவர இந்தத் தோட்டத்து ஆட்கள் வக்கீலாகிவிட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வருடம் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். கடை முத்திரையைக் குத்தச் சொன்னாள், குத்தினார். அவள் தாளைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்ல, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என்னிடம் கொடுக்கவில்லை.

ஆறேகால் பஸ் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளோடு நின்றேன். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். கொட்டாவி விட்டாள். தாளை நாலாக மடித்து, பேக்டரி அட்டை இருக்கும் உறைக்குள் வைத்தாள்.

"இன்னிக்கே நோட்டீஸ் குடுத்துடுவியா?"

"ஷிப்டு முடிஞ்சதும், காலையில." படியில் ஏறித் திரும்பினாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தூங்குவேன். யாரும் எழுப்பக்கூடாது. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சரிம்மா."

"நீங்களும் எழுப்பாதீங்க."

பஸ் ரவாங் பக்கம் திரும்பியது.